எதிர்த்தரப்புக்கு நாலு வரி

சனிக்கிழமை பேப்பரில் சென்னகேசவனின் அரசியல் கட்டுரை இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் பலருக்குக் காப்பி இறங்காது. முப்பது வருஷமாக அவருக்கு ஒரே கொள்கை. யாரை எதிர்த்து எழுதுகிறோமோ, அவர்கள் நியாயத்தை அவர்களைவிட நன்றாக முதலில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் உடைக்க வேண்டும். திட்டு வாங்கிய அமைச்சர்களே போன் போட்டு, "எங்களுக்கே இப்படிச் சொல்ல வராதுங்க" என்பார்கள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இதுதான் ஜனநாயகம் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். எல்லாக் கட்சிக்காரர்களும் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள்.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து கயல்விழி என்ற கணக்கு டீச்சர் அவரைத் தேடி வந்தாள். காலனிக்காரர்கள் பிணத்தைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போக அரங்கசாமியின் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு தடம் இருந்தது. அதை அவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். இனி ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும்.

"வர்ற திங்கக்கிழமை தாலுக்கா ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தைங்க சார். அப்பா இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கறாருங்க. நீங்க எழுதுனா அதிகாரி தட்டிக்கழிக்க மாட்டாருங்க."

எழுதினார், உயிரைக் கொடுத்து எழுதினார். முதல் பாதி முழுக்கத் தோப்புக்காரர் பக்கம்: யானை புகும் நிலம், வேலியில்லாமல் விவசாயி எப்படிப் பிழைப்பான், அவன் வியர்வைக்கு யார் காவல். இரண்டாம் பாதியில், தடம் ஊர்ப் பொது என்பதைப் பழைய கிராம வரைபடத்தை வைத்து நிரூபித்து, வேலியைப் பிடுங்கி எறிந்திருந்தார். தான் எழுதியதிலேயே இதுதான் உசத்தி என்று அவருக்குத் தோன்றியது, பாவம்.

பேப்பரின் ஃபேஸ்புக் பக்கத்தில் முதல் பாதியிலிருந்து நாலு வரியை மட்டும் எடுத்து, அவர் போட்டோவோடு போட்டார்கள். அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. பேச்சுவார்த்தைக்கு அரங்கசாமி அதை பிளெக்ஸாகவே அடித்துக் கொண்டுவந்தார். அதிகாரி வாசித்துவிட்டு, "உங்களுக்காகப் பேசறவரே இப்படிச் சொல்றாரேம்மா?" என்றார். கயல்விழி முழுக் கட்டுரையை நீட்டினாள். அவ்வளவையும் படிக்க அங்கே யாருக்கு நேரம்? வேலி அப்படியே நின்றது.

சென்னகேசவன் பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தார். "அடுத்த வாரம் மறுப்பு எழுதறேன் அம்மணி. காரமாவே எழுதிப்போடறேன்."

"வேண்டாங்க சார். அதுலயும் அவுங்களுக்கு நாலு வரி எழுதுவீங்க."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

புதன்கிழமை அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். சாவுக்குச் சென்னகேசவனும் வந்திருந்தார். மலையில் பெய்த மழைக்கு ஓடையில் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் போனவனுக்குக் கால் வழுக்க, பாடை சாய்ந்தது. பெரியவரின் கால்கள் தண்ணீரில் நனைந்தன. கரையில் நின்ற பெண்கள் அலறினார்கள். கயல்விழி மட்டும் அலறவில்லை.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அரங்கசாமி கூப்பிட்டார். "ஏனுங்க, கட்டுரை அருமைங்க. எங்க கஷ்டத்தப் புரிஞ்சு எழுதுன ஒரே ஆளு நீங்கதானுங்க."

துளிக் கிண்டல் கிடையாது. மனசாரக் கைகூப்பினார்.

யோசிப்பதற்குள் சென்னகேசவனும் திருப்பிக் கும்பிட்டுவிட்டார். கயல்விழி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.