கடைசிப் பக்கம் யாருக்கு

கிறிஸ்துமஸ் என்றால் சமாதானம் என்று சொல்கிறவர்கள் ஒரு லீவைப் பாறசாலையில் கனகதாஸின் வீட்டில் கழித்துப் பார்க்க வேண்டும். உடன்பிறந்த மூன்று பேரும் ஒரு புத்தகமும் போதும், கீரியும் பாம்பும் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடும்.

வழக்கம் அப்பா காலத்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூட வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தமிழ் நாவலை ஆளுக்கு ஐந்து பக்கமாக முறை வைத்து உரக்க வாசிக்க வேண்டும். கதையை முன்கூட்டி யாரும் வாசிக்கக் கூடாது. கடைசிப் பக்கம் யாருடைய முறையில் வருகிறதோ, அடுத்த வருடம் எந்தப் புத்தகம், யார் வீட்டில் என்று அவர்தான் சொல்வார். அதற்கு மறுபேச்சு கிடையாது. பிள்ளைகள் பிரியமாக இருக்கட்டும் என்றுதான் மனுஷன் இதை ஏற்படுத்தினார். பாவம், பெற்ற பிள்ளைகளை அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்த வருடம் அந்தக் கடைசிப் பக்கம் சத்தியபாய்க்கு வேண்டும். மூவரில் நடுவில் பிறந்தவள், நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீஸில் வேலை, புருஷன் இல்லை, நீது என்று ஒரே மகள். நீது காட்டாக்கடை ஊர்க்காரன் உண்ணியை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் இந்து, பள்ளியில், அதாவது சர்ச்சில், நடக்காத கல்யாணம். மூத்தவர் கனகதாஸுக்கு அன்று ஏறிய வெறி இன்னும் இறங்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அந்தப் பெண் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். கனகதாஸ் கேட்டைத் திறக்காமலே கேட்டார்:

“இது குடும்பக்காரங்க இருந்து வாயிக்கிற எடமாக்கும். நீ ஆரு?”

நீது கேக்கை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். அதை எறும்புதான் தின்றது. சத்தியபாய் அன்றைக்கும் உள்ளே உட்கார்ந்து தன் ஐந்து பக்கத்தை வாசித்து முடித்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

ஆகவே கடைசிப் பக்கம் தன்னிடம் வர வேண்டும். வந்தால், அடுத்த வருடம் வாசிப்பு நீது வீட்டில். அண்ணன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, குடும்பம் கூடுகிற இடத்தில் தன் மகள் வீட்டுக்காரியாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

போன முறை கடைசிப் பக்கம் கனகதாஸுக்கு வந்ததால் வீடும் அவருடையது, புத்தகமும் அவர் நாகர்கோவிலில் வாங்கியது. அதில் ராஜமணி என்ற லாரி டிரைவர் சுமையோடு போகிறான், திரும்பி வரவில்லை. வீட்டில் அவன் பெண்டாட்டி காத்திருக்கிறாள். கதை அப்படியொன்றும் புதிதில்லை, ஆனாலும் எல்லோரையும் பிடித்துக்கொண்டுவிட்டது. அதிகம் பிடித்தது கனகதாஸின் மனைவி ஷீஜாவை. ஷீஜா மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது, அதனால் இத்தனை வருடமும் அவளுக்கு முறையே கிடையாது. உள்ளி உரித்துக்கொண்டு தரையில் இருந்து கேட்பாள். கண்ணீர் உள்ளியாலா கதையாலா என்று யாரும் கேட்டதில்லை.

சத்தியபாய் பொறுமையாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டாள். எல்லோரும் பள்ளிக்குப் போனதும் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து முழுவதையும் வாசித்தாள். முறையையும் எண்ணிப் பார்த்தாள். கடைசிப் பக்கம் அவளிடம்தான் வருகிறது. ஆண்டவரே மன்னியும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள்.

ஆனால் முறையை எண்ணத் தெரிந்தவள் அவள் மட்டுமா? கனகதாஸ் ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். நிற்கிற கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்ணாலேயே பிடிப்பார்.

கடைசி நாள் மத்தியானம் கனகதாஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். ராஜமணி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். கனகதாஸ் விரலில் எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினார். ராஜமணி செங்கோட்டையில் புரோட்டா தின்றுகொண்டிருந்தான்.

“எலே, இவன் எப்பம் எழும்பினான்?” என்றான் இளையவன் பொன்னுதாஸ். பாறசாலையில் டயர் கடை வைத்திருப்பவன், சண்டை என்றால் சாயாக் கிளாஸுக்குள் தலையைக் கவிழ்ப்பவன்.

“ஐசியூவில அல்லே கிடந்நது?” என்று ஷீஜாவும் கத்தியை நிறுத்தினாள்.

“இப்பத்தெ நாவலெல்லாம் இப்பிடித்தான் எழுதுவினும். நீங்க மிண்டாம கேளுங்க” என்றார் கனகதாஸ்.

சத்தியபாய்க்கு உச்சந்தலை வரை கொதித்தது. ஒரு கொத்துத் தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டார் மனுஷன். அது போனால் முறை நகர்ந்து கடைசிப் பக்கம் அவர் கைக்குப் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் இன்னொரு வருடம் கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

“அந்த நர்சு அவன் பெண்டாட்டிக்குப் போன் பண்ணினது எங்க? அவ தம்பி வந்து ஆஸ்பத்திரியில அடி போட்டது எங்க? ஆறு பக்கத்தை அப்பிடியே முழுங்கிட்டியே அண்ணா!”

கனகதாஸ் புத்தகத்தை மெதுவாக மடியில் வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை.

“வாயிக்காத பக்கத்தில நர்சு போன் பண்ணினது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

நுணலும் தன் வாயால் கெடும். சத்தியபாய் கெட்டாள்.

“தலைவேதனைண்ணு படுத்தியே, இதுக்காக்குமா? பள்ளிக்குப் போகாம கெடந்து களவாட்டு வாயிச்சிருக்கா! ஏட்டி, கள்ளிக்கு முறை கெடையாது. தள்ளி இரி.”

“நான் கள்ளிதான். நீ ஆரு? தாளைச் சேத்துப் புரட்டின நீ புண்ணியவாளனா?”

“ரெண்டு பேரும் கள்ளம்தான்” என்றான் பொன்னுதாஸ் கிளாஸுக்குள்.

“நீ மிண்டாத!” என்று அண்ணனும் அக்காளும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தில் ஒற்றுமை இருந்தது அந்த ஒரு நொடிதான்.

“எனக்கு அறியும்” என்றார் கனகதாஸ். “ஒன் மகளையும் அந்த உண்ணியையும் இந்தக் குடும்பத்துக்குள்ள கேற்றத்தான் இந்த வெளையாட்டு. நான் உயிரோட இருக்கும்வரை நடக்காது. அவ வீட்டில குடும்பம் கூடுமா? தூ!”

அந்தத் தூ என்ற சொல்லில் சத்தியபாய்க்கு மிச்சமிருந்த அண்ணன் பயம் கழன்று விழுந்தது. எழுந்தாள். அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“ஏட்டி, அது நான் வாங்கின புக்கு!”

“மிச்சம் இப்பமே காட்டாக்கடையில வச்சு வாயிக்கப் போறேன். கதை வேணுமிண்ணா என் மகள் வீட்டுக்கு வந்து இருந்து கேளுங்க.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். நாகர்கோயிலில போய் வேற வாங்குவேன்.”

“வாங்கு. வாயிச்சு ஆரைக் கேக்கச் சொல்லுவ?”

கனகதாஸ் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் ஷீஜா உள்ளி இருந்த முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் கணவன் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

“சத்தியபாயி, நில்லு. சாரி மாத்தீட்டு வாறேன்.”

“நீ எங்கோட்டு?” என்றார் கனகதாஸ்.

“கத கேக்கத்தான். எனக்கு வாயிக்கத் தெரியாதே. ஆரு வாயிக்குதோ அவங்ககூடதான் நான் போவேன்.” உள்ளே போகிற போக்கில் சொன்னாள். “சாயா பிளாஸ்கில உண்டு.”

சத்தியபாய் மயினியைப் பார்த்தாள். போன வருடம் மதில்மேல் இருந்த கேக்கை இவளும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோபம் போகவில்லை. ஆனாலும் இப்போது நெஞ்சு நிறைந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

பொன்னுதாஸ் கிளாஸைக் கீழே வைத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தான்.

“எலே, நீயுமா?”

“அவங்களை ஆரு கொண்டுபோவா? பஸ்ஸுக்கு நிண்ணா நேரம் போவும்லா” என்றான் அவன், பெரிய நியாயம் சொல்கிறவனைப் போல.

“போங்க! எல்லாரும் போங்க! ஒருத்தரும் திரும்பி வராண்டாம்!” என்று கனகதாஸ் கத்தினார். கேட்டைப் பொன்னுதாஸே திறந்தான். ஷீஜா முன்சீட்டில் ஏறினாள், சத்தியபாய் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள்.

கார் பின்னோக்கி நகர்ந்து ரோட்டுக்குத் திரும்பும்போது கனகதாஸ் செருப்பில்லாமல் கேட்டுவரை ஓடி வந்துவிட்டார். சுவரில் ஒரு கை, மறு கையில் மூக்குக்கண்ணாடி.

“ஏட்டி சத்தியபாயி! நீதான் முழுசும் வாயிச்சியே! அந்த ராஜமணி வீடு சேருவானா மாட்டானா? அதை மட்டும் சொல்லீட்டுப் போ!”

சத்தியபாய் கார்க் கண்ணாடியை ஏற்றினாள்.