சின்னகொத்தூர் கடிதம்

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்து ருக்மிணி துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ அவரைக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். எழுந்து போனாள்.

"அத்திபெலே பக்கம் சின்னகொத்தூரும்மா. கிருஷ்ணப்பா. சார் இன்னிக்கு வரச் சொன்னார்..." பந்தலைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது.

"காலைல போயிட்டார். ஹார்ட் அட்டாக்."

அவர் நகரவில்லை. "கேக்கக்கூடாத நேரம்தாம்மா. ஒரு லெட்டர் தர்றேன்னார்."

"என்ன லெட்டர்?"

"எங்க ஊருக்குக் கரன்ட் குடுத்தாச்சுன்னு தொண்ணூத்திரெண்டுல சார் சைன் போட்டுட்டார். கம்பம் மட்டும்தாம்மா நட்டாங்க. ஆறு வருஷமா எந்த ஸ்கீம்ல கேட்டாலும், உங்க ஊரு முடிஞ்சுபோச்சுங்கறாங்க. அந்த சைன் தப்புன்னு எழுதித் தர்றேன்னார்."

உள்ளே, அப்பாவோடு மின்வாரியத்தில் இருந்த நாராயணசாமி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எத்தனை ஊருக்கு விளக்கு போட்ட மனுஷன்!"

மேஜை இழுப்பறையில் கடிதம் இருந்தது. கன்னடத்தில், அப்பாவின் குண்டு எழுத்தில், ஒன்றும் மறைக்காமல். தேதி பன்னிரண்டு நாளைக்கு முந்தையது. தம்பி நரேஷ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்.

"குடுக்காதே ருக்கு. செத்த அன்னிக்கே அப்பா பேரைக் கெடுக்கணுமா?"

"அவரே எழுதினதுடா."

"எழுதினார். சைன் போட்டாரா?"

போடவில்லை. பன்னிரண்டு நாள். ருக்மிணி கூடத்தில் கிடந்தவரைப் பார்த்தாள். உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிருஷ்ணப்பா முதலில் கடைசி வரிக்குக் கீழேதான் பார்த்தார்.

"சைன் இல்லியேம்மா."

"இல்ல."

"சைன் இல்லாம அங்க கையால தொட மாட்டாங்க."

"காரியம் முடியட்டும். நானும் ஆபீசுக்கு வர்றேன். எழுதினது அவர்தான்னு சொல்றேன்."

"நீங்க சொன்னா கேப்பாங்களாம்மா?"

பாடை தயாரானது. நரேஷ் தீச்சட்டியோடு முன்னால் நின்றான். தோள் கொடுக்க ஓர் ஆள் குறைந்தது. "யாராவது வாங்கப்பா" என்றார் நாராயணசாமி. கிருஷ்ணப்பா காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் போய்க் குனிந்தார்.

மற்ற மூவரும் உயரமானவர்கள். மூங்கில் அவர் தோளில் படவில்லை. தெருமுனை திரும்பும்வரை ருக்மிணி கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூங்கிலை இரண்டு உள்ளங்கைகளாலும் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு, மற்றவர்களின் நடைக்கு ஈடுகொடுக்க ஓட்டமும் நடையுமாகப் போனார்.