ஐம்பத்தெட்டு முறை செத்தவன்

தபால்காரருக்கு முன்னால் கோபுர்க் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஹென்ரிகே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நியூரம்பெர்கை விட்டுக் கிளம்பினாள். நவம்பர் மூடுபனியில் முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாய்த் தெரிந்தது.

அவள் போவது ஃபோல்க்மாருடைய அப்பாவின் வீட்டுக்கு. ஃபோல்க்மார் செத்து இன்றோடு பதின்மூன்று நாள்.

கணினி விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவன் விமர்சகன். அவள் அதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்குச் சித்திரக்கதை வரைபவள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள்தான் கதாபாத்திரங்கள். மாதம் ஒரு விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். கடைசிக் கட்டத்தில் ஃபோல்க்மார் செத்துப்போவான். அடுத்த மாதம் முதல் கட்டத்தில் சட்டையைத் தட்டிவிட்டு எழுந்து வருவான். ஐந்து வருடமாக வாசகர்களுக்கு இது அலுக்கவில்லை.

அவனுக்கும் அலுக்கவில்லை. மாதா மாதம் அவள் மேசை ஓரத்தில் வந்து உட்காருவான்.

"மகாராணி, இந்தத் தடவை என்னை எப்படிக் கொல்றதா உத்தேசம்?"

"முதலை."

"ஜூலைலயும் முதலைதான். அதுக்கு அஜீரணமே வராதா? கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணு."

எல்லாருடைய வசனத்தையும் அவளே எழுதுவாள். ஃபோல்க்மாருடையதை மட்டும் அவனேதான் சொல்வான். அதுவும் கடைசி நிமிடத்தில். அதுவரை அவன் தலைக்கு மேல் இருக்கும் பேச்சுக்குமிழ் காலியாகவே கிடக்கும்.

டிசம்பர் இதழுக்கும் அவன்தான் யோசனை சொன்னான். "முதலை, பாம்பெல்லாம் வேணாம். நேரா கல்லறை போடு. கல்லுல எழுது: 'இங்கே உறங்குகிறான் ஃபோல்க்மார். ஆட்டத்தைச் சேவ் பண்ண மறந்துவிட்டான்.'" சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

வெள்ளிக்கிழமை பக்கங்கள் அச்சகத்துக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டு மாடிப்படியில் ஃபோல்க்மார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வயது முப்பத்தாறு. எழுந்திருக்கவில்லை.

ஹென்ரிகே தலைமை ஆசிரியர் ரூப்பெர்ட்டிடம் ஓடினாள்.

"எண்பதாயிரம் பிரதி அடிச்சாச்சு ஹென்ரிகே. நான் என்ன, ஒவ்வொண்ணா கிழிக்கவா? இது முன்னாடியே அச்சானதுன்னு வாசகர்களுக்குப் புரியும்."

"அவங்க அப்பாவுக்குப் புரியுமா?"

ரூப்பெர்ட் எழுந்தார். அவள் ஏற்கனவே வரைந்து கொடுத்திருந்த ஜனவரிப் பக்கத்தை மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். "இதை நீயே வச்சுக்கோ. ஜனவரில கறுப்புக் கட்டம் கட்டி அஞ்சலி போட்டுக்கலாம். இனிமே அவன் அந்தக் கதைல வர வேணாம்."

அந்தத் தாள் இப்போது காரின் பின் இருக்கையில், பெரிய அட்டை உறைக்குள் கிடந்தது. அவளுக்கு அதைத் தொடவே மனம் வரவில்லை.

ஃபோல்க்மாரின் அப்பா ஒட்மார், ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். மவுசைக் கையில் பிடித்தறியாத அவர், மகன் வேலை செய்யும் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். இதழ் கடைக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பே சந்தாப் பிரதி வீட்டுக்குப் போய்விடும்; டிசம்பர் இதழ் போகும் நாள் இன்று. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். என்னவென்று சொல்வது? இரண்டு முறை எண்களை அழுத்தினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

தபால்காரர் போட்டதும் பெட்டியிலிருந்து பத்திரிகையை எடுத்துவிட வேண்டும். திருட்டுதான். பரவாயில்லை.

பாம்பெர்க் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ விபத்து. ஒன்றரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோபுர்க்கில் ஒட்மாரின் தெருவுக்குள் திரும்பியபோது மஞ்சள் தபால் வண்டி எதிரே வந்து அவளைக் கடந்து போயிற்று.

ஒட்மார் வாசலிலேயே நின்றிருந்தார். கம்பளிச் சட்டை, கறுப்பு டை. கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத டிசம்பர் இதழ்.

"நீங்க படம் வரையிற பொண்ணு இல்ல? அடக்கத்தன்னிக்குக் கடைசி வரிசைல நின்னீங்க. வாங்க உள்ள, குளிருது."

சமையலறை மேசை முழுக்க ஊசியிலை மரக்கிளைகள். மறுநாள் இறந்தோர் ஞாயிறு, செத்தவர்களை நினைத்துக் கல்லறைக்குப் போகும் நாள். கல்லறையில் வைப்பதற்காக அளவாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கிளைகளை ஓரமாகத் தள்ளி, காபி ஊற்றினார். ஒரு துண்டு கேக்கை அவள் பக்கம் நகர்த்தினார். பத்திரிகையைத் தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த இதழை என்கிட்ட குடுத்துடுங்க."

"ஏன்?"

"அதுல ஒரு படம் இருக்கு. அவர் இறக்கறதுக்கு முன்னாடி வரைஞ்சது. நீங்க பார்க்க வேணாம்."

"கடைசிப் பக்கமா?"

அவள் தலையசைத்தாள். கிழவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து கனமான ஒரு கோப்பைக் கொண்டுவந்து திறந்தார். ஒவ்வொரு தாளும் கத்தரித்து, துளை போட்டு, தேதி எழுதி வைத்திருந்தது. எல்லாம் அவள் வரைந்த பக்கங்கள்.

"மத்த பக்கமெல்லாம் எனக்கு ஒரு எழவும் புரியாது. இது புரியும். மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். 'நல்லாருக்கேன்பா, வேலை இருக்குப்பா.' அவ்வளவுதான். தாடி வச்சது, கால்ல கட்டுப் போட்டது எல்லாம் எனக்கு இதுல பார்த்துத்தான் தெரியும். அந்தக் கால்கட்டு நிஜம்தானே?"

"நிஜம்தான். ஆபீஸ் நாற்காலில ரேஸ் விட்டு விழுந்தார்."

"கழுதை," என்றார் கிழவர். சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "முதல் தடவை இதுல அவன் செத்தப்போ நான் பயந்துட்டேன். ஆபீசுக்கே போன் பண்ணிட்டேன். 'அப்பா, அடுத்த மாசம் வரைக்கும் பொறுங்க, வந்துடுவேன்'னான். அதே மாதிரி வந்தான். எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தேழு தடவை செத்திருக்கான். ஐம்பத்தேழு தடவையும் வந்திருக்கான்."

அவள் கேக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிழவர் கத்தரிக்கோலால் பிளாஸ்டிக் உறையைக் கீறினார். அவள் கை நீண்டது. அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். கல்லறை. கல்லின் மேல் ஒரு காக்கை. இரண்டு வரி.

கல்லில் எழுதியிருந்ததை விரல் வைத்து வாசித்தார்.

"சேவ் பண்றதுன்னா?"

"ஆட்டத்தை அங்கங்க பத்திரப்படுத்தி வைக்கிறது. செத்தா அந்த இடத்துலேர்ந்து திரும்ப ஆடலாம்."

"பண்ணலேன்னா?"

"முதல்லேர்ந்து ஆடணும், ஐயா."

"இதை யார் எழுதினது?"

"அவரேதான். சொல்லிட்டு ரொம்ப சிரிச்சார்."

கிழவர் அந்தப் பக்கத்தை நேராக வெட்டினார். துளை போட்டார், தேதி எழுதினார், கோப்பில் கோத்தார். பிறகு கேட்டார், சற்றே கூச்சத்தோடு, கேட்கக் கூடாததைக் கேட்பவர்போல:

"அடுத்த மாசத்துது போட்டாச்சா?"

ஹென்ரிகே எழுந்து காருக்குப் போனாள். அட்டை உறையைக் கொண்டுவந்து தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். இதழில் வருவதைப் போல இரு மடங்கு பெரிய தாள். நீலப் பென்சில் கோடுகள், வெள்ளை மை பூசிய திருத்தங்கள். முதல் கட்டத்தில் ஃபோல்க்மார் கல்லறைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்திருந்தான். தலைமுடியில் மண். ஒரு கை சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது.

தலைக்கு மேல் இருந்த பேச்சுக்குமிழ் காலியாக இருந்தது.

"இங்க என்ன சொல்றான்?"

"தெரியாது, ஐயா. அவர் வார்த்தையை அவரேதான் சொல்வார். திங்கட்கிழமை சொல்றேன்னு வீட்டுக்குப் போனார்."

கிழவர் தாளைக் கோப்பின் மேல் வைத்துப் பார்த்தார். கொள்ளவில்லை. மடிக்கப்போய், மனம் வராமல் விட்டுவிட்டார். கடைசியில் அதைக் காபிக் கெண்டியில் சாய்த்து, தன் முகத்துக்கு நேராக நிறுத்தினார்.

"நீங்களே ஏதாவது எழுதிடுங்களேன். அவன் பேசறது உங்களுக்குத் தெரியுமே."

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஐந்து வருடமாக அவன் குரல் காதில் கிடக்கிறது. எது எழுதினாலும் பொருந்திவிடும்தான். குமிழின் மேல் முனையை வைக்கப்போனாள்.

"முடியல ஐயா."

"சரி," என்றார் அவர். "சரி, விடுங்க."

மேசை மேல் கிடந்த கிளைகளில் ஒன்றை எடுத்து மறுபடி வெட்டத் தொடங்கினார். அவள் பேனாவை மூடிவிட்டு, அவர் வெட்டிப் போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினாள். கெண்டியில் சாய்ந்தபடி, வாய் திறந்து, ஃபோல்க்மார் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.