நாலு வாங்கிய பெண்

மணிலாவில், விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ரெத்னோ ஊருக்குப் போனில் பேசினாள். அவள் படிக்கும் கல்லூரியில் ஒன்று வாங்கினால் முதல் தரம்; நான்கு வாங்கினால் மறுதேர்வு எழுதித் தொலைக்க வேண்டும். அவளுடைய ஊரான செமாராங்கில் எல்லாம் தலைகீழ். அங்கே நான்குக்கு மேல் ஒன்றுமே கிடையாது.

"கணக்குல எவ்வளவு தாயி?" என்றார் அப்பா.

"நாலுப்பா." பொய் சொல்ல மனமில்லாமல்தான் சொன்னாள். மேற்கொண்டு விளக்குவதற்குள் அங்கே அமளி கிளம்பிவிட்டது.

"ஏய், கேட்டியா? நாலாம்! உன் மூத்த மவன் மூணு வாங்கவே முக்கினானே! மஞ்சச் சோறு ஆக்கு, தெருவுக்கே குடுக்கணும்!" அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார்.

பிறகு மறுபடி போனுக்கு வந்தார்.

"ஆமா, உன் அறையில இருக்குற மரிசெல் எவ்வளவு?"

"ஒண்ணுப்பா."

அப்பாவின் குரல் சட்டென்று இறங்கியது. "அடப் பாவமே! அந்தப் புள்ளையத் தனியா விட்டுடாத தாயி. பக்கத்துல உக்காந்து ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசு."

"சரிப்பா."

மரிசெல்லும் மற்ற பெண்களும் கொண்டாடக் கிளம்பிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ரெத்னோவையும் கூப்பிடலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.