நூற்று நாற்பத்து மூன்றாம் படி

நூற்று நாற்பத்து மூன்றாம் படியில் வார்த்தை வரவில்லை. பஞ்சாட்சரம் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்தபடி நின்றுவிட்டான். திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. படிக்கொரு இங்கிலீஷ் வார்த்தையாக, விடிந்ததும் அர்த்தத்தோடு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுவது ஆறு மாதமாக அவன் வழக்கம். பாங்க்கில் பதினாறு வருஷமாகப் பியூன். கிளார்க் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. போன தடவை அர்த்தமெல்லாம் தலைகீழ்ப் பாடம், ஆனால் சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்ன இடத்தில் கோட்டைவிட்டான்.

"ஸ்கெப்டிகல். லேசுல நம்பாத ஆளு," என்றது பின்னால் ஒரு குரல்.

தலையில் பூக்கூடையோடு அம்சா. கோயில் வாசலில் பூ விற்பவள். பாங்க்கில் அவள் கட்டைவிரலுக்கு மை தடவிவிடுகிறவனே இவன்தான்.

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"தினம் உன் பின்னாடிதான ஏறிகினு இருக்கேன்? நான் முழம் போடறப்போ பூவப் பாக்காம என் கையையே பாப்பாளுங்க சில பேரு. அவளுங்கதானண்ணா ஸ்கெப்டிகல்?"

பஞ்சாட்சரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வார்த்தையில் ஒன்றைக்கூட அவன் ஒரு மனுஷர் மேல் வைத்துப் பார்த்ததில்லை. வெட்கத்தை ஒதுக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான்.

"ரிலக்டன்ட்டுக்கு ஒண்ணு சொல்லேன்."

"மனசில்லாமன்னு சொல்லுவியே, அதுவா?" அம்சா கூடையை இறக்கிவைத்துக் கொஞ்சம் யோசித்தாள். "ஆங். சாயங்காலம் எறங்கறப்போ கூட காலி. தலையில பாரமே இல்ல. ஆனா ஊட்டுக்குப் போவக் காலு வராது."

அருமையான வாக்கியம். அவசர அவசரமாக எழுதிக்கொண்டு, கூடைக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அடுத்த படிக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸ் பரீட்சை ஹாலில் நான்காவது கேள்வி அதே வார்த்தை. பூக்காரியையும் காலிக் கூடையையும் இங்கிலீஷில் தடங்கலில்லாமல் எழுதி முற்றுப்புள்ளி வைத்தான். வைத்த பிறகுதான் சுருக்கென்றது. வீட்டுக்குப் போக ஏன் கால் வரவில்லை என்று அவளைக் கேட்கவே இல்லையே. சொந்தத் தங்கை சொல்லியிருந்தால் இப்படி எழுதிக்கொண்டு போயிருப்பானா? மிச்சக் கேள்விகளையும் எழுதினான். அவளைக் கேட்காமல் விட்ட அந்த ஒன்று மட்டும் ரயிலிலும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் நோட்டில்லாமல் அடிவாரத்துக்கு வந்தான். தெருக்கோடியில் முதலில் மஞ்சள் சாமந்தி தெரிந்தது, அப்புறம் கூடை, அப்புறம் அம்சா. பஞ்சாட்சரம் முதல் படியில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் ஏற இடம் விட்டு நின்றான்.