அடிக்காத ஹாரன்

தங்கச்சி வீட்டு அழைப்புமணி காலையிலிருந்து ஓயவில்லை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் விமான மெக்கானிக்கான அவள் அண்ணன்தான் போய்க் கதவைத் திறந்தான். சிலர் துக்கம் கேட்க வந்தார்கள், சிலர் மைக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் வாசலிலேயே நின்று, "எம் புள்ளைய உம் புருஷன் கொன்னுட்டானே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்திவிட்டுப் போனாள். அவளை என்ன குறை சொல்வது? பெற்ற வயிறு. மாப்பிள்ளை ஓட்டிய விமானம் ஓடுதளத்தின் கோடியில் எழும்ப முடியாமல் எழும்பி, வேலியைத் தாண்டி விழுந்து எரிந்துபோயிருந்தது. பயணிகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மாப்பிள்ளையும்தான்.

மேசைமேல் செய்தித்தாள் கிடந்தது. விமானியின் மறதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். விமானம் மேலே ஏற வேண்டுமானால் இறக்கையின் பின்புறத்து மடலை முதலில் இறக்கிவிட வேண்டும். மாப்பிள்ளையும் பக்கத்துச் சீட்டுத் துணை விமானியும் அதை இறக்காமலே கிளம்பிவிட்டார்களாம். மழை திரண்டுகொண்டு வந்ததாம், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார்களாம். எல்லாம் நிஜம்தான். மறந்ததும் நிஜம்தான். ஆனால் மனுஷன் என்றால் மறப்பான் என்று தெரிந்துதானே அங்கே ஒரு ஹாரனை வைத்திருக்கிறான்? மடலை இறக்காமல் எஞ்சினை முடுக்கினால் காது கிழிகிற மாதிரி கத்தும். அன்றைக்கு அது கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று விசாரணைக்காரர்களுக்கு இன்னும் பிடிபடவில்லையாம். மெக்கானிக்குக்குத் தெரியும்.

தரையில் நிறுத்தி எஞ்சினைச் சோதிக்கும்போதும் அந்தச் சனியன் கத்தித் தொலைக்கும். பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது. அதனால் பட்டறையில் எல்லோரும் செய்கிற வேலைதான், விமானியின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹாரன் பட்டனைப் பிடுங்கி, அதற்குப் போகிற கரண்டை நிறுத்திவிடுவார்கள். பிடுங்கியவன் தன் கைதுடைக்கும் துணியை விமானி பிடிக்கும் பிடியில் கட்டிவைப்பான். வேலை முடிந்து துணியை அவிழ்க்கும்போது பட்டனைத் திரும்ப அழுத்த ஞாபகம் வந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், ஆனால் அதுவரை கைவிட்டதில்லை.

அன்றைக்குச் சோதனை முடிந்த சமயத்தில், விமானத்தை எடுக்கப்போவது மாப்பிள்ளை என்று கீழேயிருந்து சொன்னார்கள். விமானியின் சீட்டில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு ஒரே குஷி. எழுந்த வேகத்தில் கையிலிருந்த டீ சீட்டில் கொட்டிவிட்டது. ஐயையோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவாரே! கைக்கு எட்டிய துணி பிடியில் கட்டியிருந்த அந்தத் துணிதான். வெடுக்கென்று அவிழ்த்து, சீட்டைத் துடை துடை என்று துடைத்தான். ஈரத்துணியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு இறங்கினான். பட்டன் ஞாபகமே வரவில்லை, பாவி.

படியில் மாப்பிள்ளை எதிரே வந்தார். "என்ன மச்சான், வண்டி எப்படி?"

"புதுப்பொண்ணு மாதிரி இருக்கு மாப்ள. சீட்டைக்கூடத் துடைச்சு வச்சிருக்கேன்."

"பாத்தீங்களா, பொண்ணு கொடுத்த வீட்டு மரியாதை!" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

தங்கச்சி உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. செய்தித்தாளை எடுத்துக் குப்புறப் போட்டாள்.

"படுக்குறதுக்கு முன்னாடி கேஸை மூடியாச்சான்னு மூணு வாட்டி எழுந்து போய்ப் பாப்பாரு. அவரா மறந்தாரு?"

அவன் குப்புறக் கிடந்த செய்தித்தாளை நான்காக மடித்தான்.

"நீதானே அண்ணே சொல்லுவ, தப்பு பண்ணா அந்த ஹாரன் ஊரையே கூட்டிடும்னு. அப்புறம் ஏன் கத்தல? நீ அங்கயேதான் வேலை பாக்குற. உனக்குத் தெரியாதா?"

சொல்லிவிடலாம். சொன்னால் செத்தவர் மேல் விழுந்த பழியில் பாதியாவது கழுவப்படும். ஆனால் அவளுக்கென்று இனி இருப்பது இந்த அண்ணன் ஒருத்தன். சொன்ன நிமிஷத்தில் அவனும் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் அவள் கடைசிவரைக்கும் கொலைகாரன் பெண்டாட்டி.

"பாப்பா..." என்று ஆரம்பித்தான்.

மணி அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"ஐயோ, தாங்க முடியல!" அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அதைப் பிடுங்கிப் போட்டுடு அண்ணே. உனக்குத்தான் அதெல்லாம் கைவந்த வேலையாச்சே."

அவன் எழுந்தான். கதவுக்கு மேலே இருந்த மணிப்பெட்டியின் கீழே நாற்காலியைப் போட்டு ஏறினான். மூடியைக் கழற்றி, வயரை விரலால் தேடிப் பிடித்து இழுத்தான். மணி பாதியில் நின்றது.

"அப்பாடா" என்றாள் தங்கச்சி. மேசைமேல் தலையைச் சாய்த்து, இத்தனை நாளில் முதல் தடவையாகக் கண்ணை மூடினாள். அவளை எழுப்பிச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நாளைக்கும் சொல்லமாட்டான் என்று அவனுக்கே தெரிந்தது.

நாற்காலியில் நின்றபடியே கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஒரு மனிதர் வாசலில் நின்றார். கத்துகிற ஆளாகத் தெரியவில்லை. யாரைப் பறிகொடுத்தவரோ. மணிப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு அடி பின்னால் தள்ளி மரியாதையாக நின்றார்.

"போயிட்டாங்களா அண்ணே?"

"போயிட்டாங்கம்மா."

மனிதர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்து, உள்ளே கேட்கிறது என்ற நம்பிக்கையில், விரலை எடுக்காமல் நீளமாக அழுத்தினார்.