கண்ணாடிக்குள் ஒரு அப்பா

என் கணவர் அவருடைய அப்பாவைத் தினமும் தூக்குகிறார். கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணில் அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, வெறுங்காற்றைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார். நிஜ அப்பா பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்து, அடுத்த அறையில் கட்டிலில் கிடக்கிறார். அவரைத் தூக்குவது நான்.

தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. நாளைக்கு ஆபரேஷன். அதற்கப்புறம் பல வாரங்களுக்கு ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி மாமாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இவர் பழகியாக வேண்டும். அதற்காகத்தான் பிசியோதெரபி மையம் இந்த வி.ஆர். கண்ணாடியை இரவல் கொடுத்தது. மாட்டினால் உள்ளே ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கிழவர். முதலில் இதில் பழகுங்கள், பிறகு வீட்டில் செய்யுங்கள் என்றார்கள். எங்கள் வீட்டுத் துரைக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

கண்ணாடிக்குள் இருக்கும் கிழவருக்கு எடை கிடையாது. இருமமாட்டார். ஒண்ணுக்கு வருகிறது என்று அவசரப்படுத்தமாட்டார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினால் மணி அடிக்கும், மார்க் விழும். அடுத்த கட்டம் தொடங்கும்வரை கிழவர் அப்படியே அசையாமல் நிற்பார். இப்படி ஒரு அப்பா கிடைத்தால் யார்தான் நல்ல பிள்ளையாக இருக்கமாட்டார்கள்!

"பயப்படாதீங்கப்பா. நான் இருக்கேன்ல, பிடிச்சுக்கிட்டேன்," என்று காற்றிடம் அத்தனை குழைவாகப் பேசுவார். நிஜ அப்பாவிடம் அந்தக் குரல் ஒருநாளும் வந்ததில்லை. நடுவில் ஒரு சுவர்தான். மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"தொண்ணூத்தெட்டு மார்க்! மையத்துலயே நான்தான் முதல், தெரியுமா?"

"கிழிச்சீங்க. உள்ள போய் மாமாவைத் தூக்குங்க."

"டெக்னிக் கைக்கு வந்துடுச்சுடி. இனிமே அதெல்லாம் சும்மா ஊதித் தள்ளிடுவேன்."

இன்று சாயங்காலம் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு பிரேக்கை அழுத்தினேன். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, என்னவோ மலையைப் புரட்டப் போகிறவர்போல வந்தார். மாமாவின் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்தார், முட்டியை மடக்கினார், ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கினார். மாமா எழுந்து நின்றுவிட்டார். அட, பரவாயில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

இவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மணி அடிக்கவில்லை. மாமா சரிந்தார். என் வயிற்றை மறந்து நான் பாய்ந்து தோளைக் கொடுக்க, இருவரும் கட்டில்மேல் விழுந்தோம். நிமிர்ந்து பார்த்தால், மகராசன் விரலை இன்னும் மடக்கவில்லை.

"பழக்கதோஷம்," என்றார்.

"உங்க பழக்கத்துல இடி விழ! வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. இந்த ஆளை நம்பி மாமாவை எப்படி விட்டுப் போவது? ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

"போனை வைம்மா," என்றார் மாமா. அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு மகனைப் பார்த்தார். "டேய், அந்தக் கண்ணாடியைக் கொண்டா."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தார். "எதுக்குப்பா?"

"எனக்கு மாட்டி விடு. பயப்படாதீங்கப்பான்னு தினமும் யாருக்கோ சொல்றியே. அதுக்குள்ள போனாலாவது எனக்குச் சொல்லுவியான்னு பாக்குறேன்."

இவர் கண்ணாடியின் பட்டையை முறுக்கிக்கொண்டே நின்றார். எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

போனை மேசைமேல் வைத்தேன்.

"அதைக் கீழ வச்சுட்டு வாங்க," என்றேன். "பெல்ட்டைப் பிடிங்க. மாமா உக்கார்ற வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. வாயையும் திறங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் சொன்னதை இங்க சொல்லுங்க."